பால் கால்வின்

பால் வின்சென்ட் கால்வின் (ஜூன் 1895 - நவம்பர் 5, 1959) ஓர் அமெரிக்கத் தொழில் முனைவர் ஆவார். மோட்டோரோலா நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் இவரே. 1930 ஆம் ஆண்டில் இவரது நிறுவனம் வெளியிட்ட தானுந்து வானொலி, அமெரிக்காவில் வணிக அளவில் வெற்றி பெற்ற முதல் தானுந்து வானொலிகளுள் ஒன்றாகும். இன்று எண்ணிம வானொலி தானுந்துகளில் பரவி வருவதைப் பற்றிப் பேசுவோர், வானொலி முதன்முதலாகத் தானுந்துக்குள் நுழைந்த வரலாற்றைக் கால்வினிடமிருந்தே தொடங்குவது வழக்கம்.

தானுந்து வானொலியைக் கண்டுபிடித்தவர் என்று கால்வினைப் பல இடங்களில் குறிப்பிடுகின்றனர். இது சரியன்று. இவர் பொறியியலாளரும் அல்லர். இவருக்கு முன்பே தானுந்துகளில் வானொலி பொருத்தப்பட்டது. பிறர் வசதி படைத்தோருக்கான வேடிக்கைப் பொருளாகச் செய்ததை, சாதாரண மக்கள் வாங்கக்கூடிய, எந்த வண்டியிலும் பொருத்தக்கூடிய பொருளாக மாற்றியதே இவரது பணியாகும்.

இளமை

கால்வின் அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில் உள்ள ஆர்வர்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். இது புகழ்பெற்ற ஆர்வர்டு பல்கலைக்கழகம் உள்ள இடம் அன்று. சிகாகோ நகருக்கு வடமேற்கே அமைந்த ஒரு தொடருந்துச் சந்திப்பு. நீரும் நிலக்கரியும் நிரப்புவதற்காகத் தொடருந்துகள் இங்கு நின்று செல்லும். பதின்மூன்று வயதில் கால்வின் அந்தப் பயணிகளுக்குச் சோளப்பொரி விற்றார். வணிகம் நன்றாக நடப்பதைக் கண்டு மற்றச் சிறுவர்களும் விற்கத் தொடங்கினர். போட்டி கைகலப்பு வரை சென்றதால், தொடருந்து நிறுவனம் விற்பனையையே தடை செய்துவிட்டது.

இலினொய் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கால்வின் பட்டம் பெறாமலேயே வெளியேறினார். முதலாம் உலகப்போரில் அமெரிக்கப் படையின் பீரங்கிப் பிரிவில் அதிகாரியாகப் பிரான்சில் பணியாற்றினார். போர் முடிந்து திரும்பியபின் சிகாகோவில் சேமக்கலம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1920 ஆம் ஆண்டில் லிலியன் என்பவரை மணந்தார். இவர்களது ஒரே மகன் ராபர்ட் கால்வின் 1922 ஆம் ஆண்டு பிறந்தார்.

இரு தோல்விகள்

1921 ஆம் ஆண்டில் கால்வின் தம் ஊர்க்காரரான எட்வர்டு ஸ்டூவர்ட்டுடன் சேர்ந்து விஸ்கான்சின் மாநிலத்தின் மார்ஷ்ஃபீல்டில் சேமக்கலத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். சேமக்கலம் கனமான பொருள். சந்தையிலிருந்து தொலைவில் இருந்து கொண்டு அதைச் செய்து அனுப்புவது கட்டுப்படியாகவில்லை. 1923 ஆம் ஆண்டில் வரிப் பாக்கிக்காக அரசு தொழிற்சாலையைப் பூட்டியது. நண்பகல் உணவுக்குச் சென்று திரும்பிய கால்வின், உள்ளே மாட்டியிருந்த தமது மேலங்கியைக்கூட எடுக்க இயலாமல் நின்றார் என்று கூறுவர்.

குடும்பத்துடன் சிகாகோவுக்குத் திரும்பிய இவர், எமில் பிராக் என்னும் மிட்டாய்த் தயாரிப்பாளரிடம் செயலாளராகப் பணிபுரிந்தார். 1926 ஆம் ஆண்டில் ஸ்டூவர்ட் மீண்டும் அழைக்கவே, மறுபடியும் அவருடன் இணைந்தார். இம்முறை சேமக்கலத்துடன் மின்கல நீக்கி என்னும் கருவியையும் செய்தனர்.

மின்கல நீக்கி இன்று மறைந்துபோன ஒரு கருவி. 1920களின் வானொலிப் பெட்டிகள் மின்கலங்களைக் கொண்டே இயங்கின. வெற்றிடக் குழல்களின் இழையைச் சூடாக்க ஒரு வகை மின்கலமும், உயர் மின்னழுத்தம் தர வேறொரு வகை மின்கலமும் தேவைப்பட்டன. இவை விரைவில் தீர்ந்துவிடும், விலையும் அதிகம். வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தை இப்பெட்டிகளுக்கு ஏற்றவாறு மாற்றித் தந்ததே மின்கல நீக்கி. இதற்கு நல்ல தேவை இருந்தபோதிலும், கருவியில் இருந்த குறைபாடுகளால் ஸ்டூவர்ட் நிறுவனம் மீண்டும் நொடித்தது. 1928 ஆம் ஆண்டில் கடன்காரர்கள் அதன் உடைமைகளை ஏலத்தில் விட்டனர்.

கால்வின் அந்த ஏலத்துக்குச் சென்று, மின்கல நீக்கிப் பிரிவை மட்டும் 750 டாலருக்கு எடுத்தார்.

கால்வின் தயாரிப்பு நிறுவனம்

1928 செப்டம்பர் 25 அன்று பால் கால்வினும் அவர் தம்பி ஜோசப் கால்வினும் சிகாகோவில் கால்வின் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினர். அப்போது கையிருப்பு 565 டாலர், பணியாளர்கள் ஐவர். வாடகை இடத்தில் மின்கல நீக்கிகள் செய்யப்பட்டன.

ஆனால் அந்தக் கருவிக்கு எதிர்காலம் இல்லை என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இயங்கும் வானொலிப் பெட்டிகள் அப்போது சந்தைக்கு வந்துகொண்டிருந்தன. எனவே கால்வின் நிறுவனமும் வானொலிப் பெட்டிகள் தயாரிக்கத் தொடங்கியது. இவை பிற வணிகர்களின் பெயரில் விற்கப்பட்டன. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. வணிகர்கள் கொள்முதலை நிறுத்தினர். பெரிய நிறுவனங்கள் தேங்கிய சரக்கை அடக்க விலைக்கும் குறைவாகத் தள்ளின. சிறு நிறுவனங்களால் அந்த விலையில் விற்க இயலவில்லை. மூன்றாவது முறையும் தொழில் மூழ்கும் நிலையில், பெரிய நிறுவனங்கள் அதிகம் கைவைக்காத ஒரு துறையைக் கால்வின் தேடினார். அதுவே தானுந்து வானொலி.

தானுந்து வானொலி

1922 ஆம் ஆண்டிலேயே செவ்ரோலெட் நிறுவனம் தன் வண்டிகளில் வானொலியை விருப்பத் தேர்வாக அளித்தது. விலை 200 டாலர். வண்டியின் கூரை முழுவதையும் அலைவாங்கி மூடியிருந்தது. மின்கலங்களுக்கு மட்டுமே பெரும் இடம் வேண்டியிருந்தது. 1927 ஆம் ஆண்டில் டிரான்சிட்டோன் என்னும் தானுந்து வானொலி வெளிவந்தது. அதைப் பின்னர் பில்கோ நிறுவனம் வாங்கியது. நியூயார்க் பகுதியில் சில கடைக்காரர்கள் செல்வந்தர்களின் வண்டிகளில் வானொலிகளைப் பொருத்திக் கொடுத்து வந்தனர்.

இந்த எண்ணம் கால்வினுக்கு எவ்வாறு தோன்றியது என்பது பலவாறாகச் சொல்லப்படுகிறது. மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள குவின்சி என்னும் ஊரில், வில்லியம் லியர், எல்மர் வேவரிங் என்னும் இரு இளைஞர்கள் தம் தோழியருடன் மாலைப் பொழுதைக் கழிக்கையில் வண்டியில் இசை இருந்தால் நன்றாயிருக்கும் என்று பேசிக்கொண்டதிலிருந்து இது தொடங்கியது என்பது பரவலாக வழங்கும் கதை. கதை எவ்வாறாயினும், அவ்விருவரும் கால்வினின் தானுந்து வானொலி உருவாவதில் பங்கு கொண்டவர்கள். லியர் பிற்காலத்தில் லியர்ஜெட் என்னும் சிறிய தாரை வானூர்தியால் புகழ் பெற்றார். வேவரிங் மோட்டோரோலாவின் தலைவரானார்.

ஓடும் வண்டியில் வானொலியை இயக்குவது, வீட்டுப் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைப்பது போன்ற எளிய செயல் அன்று. முதல் இடையூறு வண்டியின் இயந்திரமே. எரிபொருளைப் பற்றவைக்க ஸ்பார்க் பிளக்குகளில் தோன்றும் ஒவ்வொரு தீப்பொறியும் ஒரு சிறு வானொலி அலைபரப்பி போலச் செயல்படும். மின்னியற்றியும் தன் பங்குக்கு இரைச்சலை எழுப்பும். நிலையத்தின் ஒலியை இந்த இரைச்சல் விழுங்கிவிடும். இதை அடக்க, இயந்திரத்தின் மின்கம்பிகளில் மின்தடைகளையும் மின்தேக்கிகளையும் தக்க இடங்களில் பொருத்த வேண்டும். வானொலியை உலோகப் பெட்டிக்குள் மூட வேண்டும். ஒரு வண்டிக்குச் சரியாக அமைந்த ஏற்பாடு மற்றொரு வண்டிக்குப் பொருந்தாது. கரடுமுரடான சாலையின் அதிர்வில் வெற்றிடக் குழல்கள் பழுதாயின. வண்டியின் 6 வோல்ட் சேமக்கலம் குழல்களின் இழைகளுக்குப் போதுமானதாக இருந்தாலும், உயர் மின்னழுத்தத்துக்குத் தனி மின்கலங்களை வண்டியின் தரைக்கு அடியில் வைக்க வேண்டியிருந்தது. 1930களின் தொடக்கத்தில் அதிர்வி என்னும் சிறு கருவி வந்த பிறகே இத்தனி மின்கலங்கள் மறைந்தன.

பணம் இல்லாத நேரத்தில் இவ்வளவும் செய்ய வேண்டியிருந்தது. கடன் கேட்டுச் சென்ற கால்வின், வங்கியாளரின் மனத்தைக் கவர அவருடைய பேக்கார்டு வண்டியிலேயே ஒரு வானொலியைப் பொருத்தச் செய்தார் என்றும், சற்று நேரத்தில் அந்த வண்டி தீப்பிடித்துவிட்டது என்றும் ஒரு செய்தி உண்டு. கடன் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அட்லாண்டிக் சிட்டி

1930 ஜூனில் வானொலி உற்பத்தியாளர் சங்கத்தின் மாநாடு நியூ செர்சி மாநிலத்தின் அட்லாண்டிக் சிட்டி நகரில் நடைபெற்றது. அதற்குள் ஒரு வானொலியாவது வேலை செய்ய வேண்டும் என்று கால்வின் தம் பொறியியலாளர்களை முடுக்கினார். தமது ஸ்டூடிபேக்கர் வண்டியிலேயே அதைப் பொருத்தி, சிகாகோவிலிருந்து 1,200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை ஓட்டிச் சென்றார். மாநாட்டுக் கூடத்தில் கண்காட்சி இடம் எடுக்க அவரிடம் பணம் இல்லை. எனவே வண்டியைக் கூடத்துக்கு வெளியே நிறுத்தி, வானொலியை உரக்க ஒலிக்க விட்டு, போவோர் வருவோரை அழைத்துக் காட்டினார். கொள்முதல் ஆணைகள் கிடைத்தன. எண்ணிக்கை பெரிதில்லை எனினும் தொழிற்சாலையை நடத்த அவை போதுமானவையாக இருந்தன.

இந்த முதல் வானொலியின் குறியெண் 5டி71. பொருத்தும் செலவும் துணைக்கருவிகளும் சேர்த்து 110 முதல் 130 டாலர் வரை ஆனது. புதிய ஃபோர்டு மாடல் ஏ வண்டியின் விலையில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

இவ்வானொலிக்குக் கால்வின் சூட்டிய பெயரே மோட்டோரோலா. வண்டியைக் குறிக்கும் மோட்டார் என்னும் சொல்லுடன், விக்ட்ரோலா, ரேடியோலா போன்ற அக்கால இசைக்கருவிப் பெயர்களில் இருந்த ஈற்றைச் சேர்த்து அவர் இப்பெயரை அமைத்தார். முகம் மழித்துக்கொண்டிருந்த வேளையில் இது தோன்றியதாகக் கூறுவர்.

எதிர்ப்பும் பரவலும்

முதலாண்டில் நிறுவனத்துக்குச் சிறு நட்டமே ஏற்பட்டது. வானொலி விற்ற கடைக்காரருக்கு வண்டியைப் பற்றித் தெரியாது. வண்டி பழுதுபார்ப்பவருக்கு வானொலியைப் பற்றித் தெரியாது. பொருத்துவதற்கு முகப்புப் பலகையில் துளையிட்டு, கூரைத் துணியைப் பிரித்து அலைவாங்கியை விரித்து, மீண்டும் தைக்க வேண்டும். தவறாகப் பொருத்தப்பட்ட வானொலி இரையும். வாங்கியவர் குறை கூறுவது தயாரிப்பாளரையே. பொருளின் தரத்தைப் போலவே அதைப் பொருத்துபவரின் திறமையும் முக்கியம் என்று உணர்ந்த கால்வின், பொருத்தும் முறையைக் கடைக்காரர்களுக்குக் கற்பிப்பதில் பெரும் முயற்சி செலவிட்டார். இக்கட்டுரையில் கூறப்படும் செயல்களுள் இதுவே அவரது வெற்றிக்கு முதன்மைக் காரணம் எனலாம். 1934 ஆம் ஆண்டில் பி. எஃப். குட்ரிச் என்னும் உருளிப்பட்டை நிறுவனத்தின் கடைகளில் மோட்டோரோலா வானொலியை விற்கவும் பொருத்தவும் ஏற்பாடாயிற்று. வண்டிகள் இயல்பாகவே வந்து நிற்கும் இடம் அது. அதற்குள் விலையும் பொருத்தும் செலவுடன் 55 டாலர் அளவுக்குக் குறைந்திருந்தது.

மற்றோர் எதிர்ப்பும் இருந்தது. வானொலி கேட்டபடி ஓட்டுபவரின் கவனம் சிதறும், இசை அவரை உறங்க வைக்கும் என்று பலர் அஞ்சினர். மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலும் செயிண்ட் லூயி நகரிலும் தானுந்து வானொலியைத் தடை செய்யும் முயற்சிகள் நடந்தன. 1934 ஆம் ஆண்டில் நியூயார்க்கில் தானுந்து சங்கம் ஒன்று எடுத்த கருத்துக் கணிப்பில் பாதிக்கும் மேற்பட்டோர் இதை ஆபத்தானது என்றே கருதினர். தடைகள் நிலைக்கவில்லை. 1930களின் இறுதிக்குள் தானுந்து வானொலி அமெரிக்காவில் வழக்கமான பொருளாகிவிட்டது.

காவல்துறையும் போரும்

1936 ஆம் ஆண்டில் கால்வின் நிறுவனம் காவல் வண்டிகளுக்கென ஒரு வானொலியை வெளியிட்டது. இது ஒரே அலைவெண்ணில் நிலைநிறுத்தப்பட்டு, காவல்துறையின் அறிவிப்பை மட்டும் பெறும். வண்டியிலிருந்து பதில் பேச இயலாது. அதே ஆண்டில் குடும்பத்துடன் ஐரோப்பாவைச் சுற்றிவந்த கால்வின், அங்கு போர் வரப்போகிறது என்ற உறுதியுடன் திரும்பினார்.

1940 ஆம் ஆண்டில் இவரது பொறியியலாளர்கள் கையில் பிடித்துப் பேசும் எஸ்சிஆர்-536 கருவியை உருவாக்கினர். எடை ஏறத்தாழ 2.3 கிலோகிராம், எட்டும் தொலைவு ஒன்றரை கிலோமீட்டர் அளவு. அதே காலத்தில், கனெக்டிகட் மாநிலக் காவல்துறைக்குப் பண்பலையில் இருவழி வானொலி அமைத்துக் கொடுத்த டேனியல் நோபிள் என்னும் பேராசிரியரைக் கால்வின் தம் நிறுவனத்துக்கு அழைத்து வந்தார். நோபிளின் தலைமையில் முதுகில் சுமக்கும் எஸ்சிஆர்-300 பண்பலைக் கருவி 1943 ஆம் ஆண்டில் உருவானது. இதன் எடை ஏறத்தாழ 16 கிலோகிராம். இரு கருவிகளும் இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பாவிலும் பசிபிக்கிலும் பெருமளவில் பயன்பட்டன. போர்க்காலத்தில் கால்வின் வானொலி உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். 1930 ஆம் ஆண்டில் உள்ளே இடமின்றி வண்டியை வெளியே நிறுத்தியது இதே சங்கத்தின் மாநாட்டில்தான்.

தனி வாழ்வில் இது அவருக்குக் கொடுமையான காலம். 1942 அக்டோபரில் சிகாகோவுக்கு வடக்கே எவன்ஸ்டனில் இருந்த அவர்கள் வீட்டில் லிலியன் கால்வினும் வீட்டுப் பணிப்பெண்ணும் கொலை செய்யப்பட்டனர். குற்றவாளி கண்டுபிடிக்கப்படவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, தொழிலைத் தொடக்கத்திலிருந்து உடன் நடத்திய தம்பி ஜோசப்பும் இறந்தார். கால்வின் பிற்காலத்தில் மறுமணம் செய்துகொண்டார்.

போருக்குப் பின்

1943 ஆம் ஆண்டில் நிறுவனத்தின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. வானொலியின் பெயர் நிறுவனத்தின் பெயரைவிடப் புகழ் பெற்றுவிட்டதால், 1947 ஆம் ஆண்டில் நிறுவனமே மோட்டோரோலா எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதே ஆண்டில் தொழிலாளருக்கு இலாபத்தில் பங்கு தரும் திட்டத்தைக் கால்வின் கொண்டுவந்தார். மோட்டோரோலாவின் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தொழிற்சங்கம் வேரூன்றாமல் போனதற்கு இத்திட்டமும் ஒரு காரணம். இதைத் தொழிலாளர் மீதான அக்கறையாகக் காண்போரும், சங்கத்தைத் தவிர்க்கும் வழியாகக் காண்போரும் உள்ளனர். இரண்டிலும் உண்மை உண்டு.

200 டாலருக்கும் குறைந்த விலையில் தொலைக்காட்சிப் பெட்டி செய்ய வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதன் பயனாக, சிறிய திரையுடைய மாதிரி ஒன்று அவ்வாண்டு வெளிவந்து நன்றாக விற்றது.

1949 ஆம் ஆண்டில் நோபிளின் பரிந்துரையை ஏற்று அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் ஓர் ஆய்வகம் தொடங்க கால்வின் இசைந்தார். அங்கிருந்தே நிறுவனத்தின் குறைகடத்தித் தொழில் வளர்ந்தது. 1955 ஆம் ஆண்டில் தானுந்து வானொலிக்கான உயர்திறன் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் அங்கு வணிக அளவில் தயாரானது. வண்டியின் மின்னழுத்தத்திலேயே அது இயங்கியதால், குழல்களுக்காக வேண்டியிருந்த அதிர்வி தேவையற்றதாகியது.

1956 ஆம் ஆண்டில் மகன் ராபர்ட் தலைவர் பொறுப்பை ஏற்றார். இரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட பால் கால்வின் 1959 நவம்பர் 5 அன்று தமது 64ஆம் அகவையில் காலமானார். சிகாகோவில் உள்ள இலினொய் தொழில்நுட்பக் கழகத்தின் நூலகம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

பின்வரலாறு

மோட்டோரோலா 1980களில் தானுந்து வானொலி தயாரிப்பதைக் கைவிட்டு, நகர்பேசிகளில் கவனம் செலுத்தியது. 2011 ஆம் ஆண்டில் நிறுவனம் இரண்டாகப் பிரிந்தது.

தானுந்து வானொலி எண்ணிம முறைக்கு மாறியபோது, 1930களில் கண்ட இடையூறுகள் வேறு உருவில் திரும்பின. நார்வே 1995 ஆம் ஆண்டில் எண்ணிம ஒலிபரப்பைத் தொடங்கி, 2017 ஆம் ஆண்டில் நாடளாவிய பண்பலை ஒலிபரப்பை நிறுத்தியது. அவ்வேளையில் அந்நாட்டில் ஓடிய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் எண்ணிம வாங்கி இல்லை. தனியாக வாங்கிப் பொருத்திய மாற்றிகளும், கண்ணாடியில் ஒட்டிய அலைவாங்கிகளும் எல்லா வண்டிகளிலும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. பின்னர் பொருத்துவதை நம்பியிராமல் வண்டி வெளிவரும்போதே வாங்கி இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் முடிவாயிற்று. அதன்படி 2020 டிசம்பர் முதல் அங்கு விற்கப்படும் புதிய தானுந்துகளில் வானொலி இருப்பின் அது எண்ணிம ஒலிபரப்பையும் பெற வேண்டும். இந்தியாவில் அகில இந்திய வானொலி டி.ஆர்.எம். என்னும் வேறொரு எண்ணிம முறையை மத்திய அலையில் பயன்படுத்துகிறது. 2017 முதல் அதற்கான வாங்கியுடன் கூடிய வண்டிகளும் இங்கு விற்பனைக்கு வந்தன.

ஃபீனிக்ஸ் ஆய்வகத்திலிருந்து வளர்ந்த குறைகடத்திப் பிரிவு 2004 ஆம் ஆண்டில் ஃப்ரீஸ்கேல் என்னும் தனி நிறுவனமாகி, 2015 ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் என்.எக்ஸ்.பி. நிறுவனத்துடன் இணைந்தது. தானுந்துகளுக்கான எண்ணிம வானொலிச் சில்லுகளைத் தயாரிக்கும் நிறுவனங்களுள் என்.எக்ஸ்.பி.யும் ஒன்று.